வைச்சிருங்கோ அண்ணை

கஸ்பர் ஐயாவுக்கு எண்பது வயது தாண்டியதோடு முழந்தாளிட ஏலாமல் போய்விட்டது. பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்ற மணி அடித்ததும் கோவில் முழுவதும் சரசரவென்று முழந்தாளில் இறங்கும். அவர் மட்டும் வாங்கில் இருந்தபடியே தலையைக் குனிந்துகொள்வார். அந்தக் குனிவில் பக்தி பாதி, வெட்கம் பாதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்வேட் தன் மனைவி பிள்ளைகளை முன்வாங்கில் விட்டுவிட்டுப் பின்னால் வந்து ஐயாவுக்குப் பக்கத்தில் இருந்தார். மணி அடித்தது. எல்லோரும் இறங்கினார்கள். எட்வேட் இறங்கவில்லை. ஐயாவைப் போலவே தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. ஐயா கண்மூடும்வரை, நான்கு வருடம், அந்தக் கோவிலில் இரண்டு பேர் முழந்தாளிடாமல் இருந்தார்கள். இரண்டு பேர் என்றால் வெட்கம் பாதியாகிவிடும் அல்லவா?

சனம் வேறுவிதமாகக் கதைத்தது. “பாவம், பள்ளிக்கூடத்துப் படி துடைச்சுத் துடைச்சு எட்வேட்டுக்கு முழங்கால் தேஞ்சுபோச்சு” என்றார்கள். ஒரு அம்மா வாதத்துக்குப் பூசும் எண்ணெய் காய்ச்சிப் போத்தலில் கொண்டுவந்து கொடுத்தார். எட்வேட் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

அவருடைய முழங்காலுக்கு ஒன்றுமில்லை என்பது தங்கை மேரிறோஸுக்குத் தெரியும். வீட்டில் ஒவ்வொரு பின்னேரமும் செபமாலை முடியும்வரை வெறுந்தரையில் முழந்தாளில் நிற்கிற மனிசன் அவர். ஒருநாள் கேட்டாள்.

“ஏன் அண்ணை, கோவிலுக்குள்ளேயே பொய்யோ?”

“நான் எங்கை பொய் சொன்னனான்? ஆரும் என்னட்டக் கேக்கேல்லை. கேட்டாச் சொல்லுவன்.”

எட்வேட் அப்படிப்பட்டவர்தான். கேட்டால் சொல்லுவார். கேட்காவிட்டால் உலகம் எதை நினைத்தாலும் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று இருப்பார். அந்தக் குணத்தால் ஒரு கிழவர் நான்கு வருடம் நிம்மதியாகப் பூசை கண்டார். அதே குணத்தால் மேரிறோஸ் இரண்டு வருடம் நித்திரை இல்லாமல் கிடந்தாள். எட்வேட் இப்போது இல்லை. 2009ஆம் ஆண்டு மார்கழி பிறக்கும் முன்னே ஆண்டவர் அவரை அழைத்துக்கொண்டார். அந்த ஆண்டு வைகாசி மாதத்தில்தான் அவர்மீது மேரிறோஸ் போட்ட வழக்குத் தள்ளுபடியானது.

அண்ணனும் தங்கையும் லண்டனுக்கு வந்த புதிதில் ஒரே இடத்தில்தான் வேலை செய்தார்கள். சான்ட்விச் செய்யும் தொழிற்சாலை. உள்ளே எப்போதும் குளிர். மேரிறோஸ் பாணுக்கு வெண்ணெய் பூசுவாள், எட்வேட் பெட்டி அடுக்குவார். ஓவர்டைம் என்றால் இரண்டு பேரும் சேர்ந்துதான் நிற்பார்கள். அப்படிச் சேர்ந்து நின்று, சேர்ந்து சேமித்து, 1991இல் செவன் கிங்ஸில் ஒரு வீடு வாங்கினார்கள். மேலே இரண்டரை அறை. அந்த அரை அறைக்குள் ஒரு கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது.

மேரிறோஸுக்கு அப்போது விசாக் கடிதம் வந்திருக்கவில்லை. அதனால் வீட்டை எட்வேட்டின் பெயரில் எழுதினார்கள். கடிதம் வந்ததும் அவளுடைய பெயரையும் சேர்ப்பதென்று பேச்சு. கடிதம் வந்தது. அதே மாதத்தில் பாரிசிலிருந்து ஒரு கலியாணமும் பேசி வந்தது. பெயர் சேர்க்கிற வேலை நின்றுவிட்டது. புடவை எடுக்கிற வேலைதான் நடந்தது.

கலியாணம் முடிந்து ஒரு மாதத்தில் பாரிசிலிருந்து மேரிறோஸ் அண்ணனுக்குக் கடிதம் எழுதினாள். குளிரைப் பற்றி, மாமியைப் பற்றி, நிலத்துக்கடியில் ஓடும் ரெயினில் வழிதவறியதைப் பற்றி இரண்டு பக்கம். கடைசியில், இடம் போதாமல் ஓரத்தில் சரித்து, ஒரு வரி: “வீட்டைப் பற்றி யோசிக்காதேங்கோ அண்ணை, நீங்களே வைச்சிருங்கோ.”

எட்வேட் அந்தக் கடிதத்தை மடித்து ஒரு பிஸ்கட் பேணிக்குள், தங்கையின் கலியாணப் படத்தோடு வைத்தார். அது அங்கே பதினாலு வருடம் கிடந்தது.

அந்தப் பதினாலு வருடத்தில் எட்வேட் இசபெலைக் கலியாணம் முடித்தார். இரண்டு பெடியள் பிறந்தார்கள். தொழிற்சாலையை விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் கெயார்டேக்கராகச் சேர்ந்தார். காலையில் கேற் திறப்பது, கொதிகலன் பார்ப்பது, பிள்ளைகள் சத்தி எடுத்த இடத்தில் மரத்தூள் போடுவது, எல்லாம் அவர்தான். ஒருநாள் ஏணியிலிருந்து விழுந்து மேல்வரிசையில் முன்பல் இரண்டும் போயிற்று. கட்டுப்பல் போட்டார். கழற்றிப் போடுகிற பல். அதை அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை, பெற்ற பிள்ளைகள்கூட. ஆனால் சங்கடமான பேச்சு வந்தால் நாக்கு நுனியால் அந்தப் பல்லை மெல்ல உள்ளிருந்து தள்ளுவார். மேல் உதடு ஒருக்கால் எழும்பி விழும். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும்.

பாரிசில் மேரிறோஸின் கணவர் சிறுநீரக வருத்தத்தில் தவறிப்போனார். 2004இல் பத்து வயது மகள் ஜெஸ்ரினைக் கூட்டிக்கொண்டு அவள் லண்டனுக்குத் திரும்பினாள். வேறெங்கே போவது? செவன் கிங்ஸ் வீட்டுக்குத்தான். எட்வேட் அரை அறையைத் துடைத்து, கட்டில் போட்டு வைத்திருந்தார்.

இரண்டு பெண்கள், ஒரு குசினி. இசபெல் கெட்டவள் இல்லை. ஆனால் எந்த வீட்டிலும் மிளகாய்த்தூள் போத்தல் ஒரு இடத்தில்தான் இருக்கலாம். இசபெல் அடுப்புக்கு இடப்பக்கம் வைப்பாள். மேரிறோஸ் அறியாமல் வலப்பக்கம் வைப்பாள். இரண்டு வருடம் அந்தப் போத்தல் இடமும் வலமுமாக அலைந்தது. கடைசியில் ஒருநாள் இசபெல் கேட்டுவிட்டாள்.

“மச்சாள், கவுன்சிலில வீட்டுக்கு எழுதிப்போட்டனீங்களே? எப்ப தருவாங்களாம்?”

“ஏன் மச்சாள், நான் இருக்கிறது இடைஞ்சலோ?”

“இடைஞ்சல் எண்டில்லை. பெடியளும் வளருறாங்கள். அவங்களுக்கும் ஒரு அறை வேணுமெல்லே.”

“இது என்ரை வீடும்தானே,” என்றாள் மேரிறோஸ். கோபத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

இசபெல் கரண்டியைக் கீழே வைத்தாள். “ஆர் சொன்னது?”

மேரிறோஸ் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். எட்வேட் மேசையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மேல் உதடு ஒருக்கால் எழும்பி விழுந்தது. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் குப்பைப் பையைக் கட்டி வெளியே கொண்டுபோனார்.

அந்த மாதமே மேரிறோஸ் ஒரு அறை வாடகைக்கு எடுத்துப் போனாள். இரண்டு தெரு தள்ளித்தான். அடுத்த வருடம் சொலிசிற்றரிடம் போனாள்.

வழக்கென்றால் ஒரு நாளில் போய்ச் சண்டை பிடித்துவிட்டு வருவதென்று அவள் நினைத்திருந்தாள். அது அப்படியில்லை. அது கடிதம். மாதத்துக்கு மூன்று கடிதம். ஒவ்வொன்றையும் ஜெஸ்ரின் பள்ளியால் வந்து வாசித்துச் சொல்லவேண்டும். மேரிறோஸ் விடியவே ஒரு அலுவலகத்தில் தரை துடைத்துவிட்டு, பின்னேரம் ஒரு வயோதிபர் இல்லத்தில் ஷிப்ட் செய்தாள். இடையில் கடிதம்.

“அம்மா, ஜஸ்ட் ஸ்டொப் இட். எங்களுக்கு இந்த அறையே போதும்,” என்றாள் ஜெஸ்ரின் ஒருநாள்.

“வீடு கிடைக்காட்டி விடு பிள்ளை. எனக்கு அந்தக் கல்லும் மண்ணும் வேண்டாம். நான் அதைக் குடுக்கேல்லை, நம்பி விட்டிட்டுப் போனனான். அதை மாமா தன்ரை வாயால ஒருக்காச் சொல்லவேணும். சொன்னா நாளைக்கே நிப்பாட்டிறன்.”

“அப்ப போய்க் கேளுங்கோவன்.”

மேரிறோஸ் கேட்கவில்லை. கேட்டுத்தான் சொல்லவேண்டுமென்றால் அது என்ன அண்ணன் என்று ஒரு வீம்பு. ஆண்டவர் அந்த வீம்பை மன்னிக்கட்டும். எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

ஊர் வாயும் சும்மா இருக்கவில்லை. கோவிலில் அவள் நடந்துபோனால் பின்னால், “உவதான், அண்ணனைக் கோட்டுக்கு ஏத்தினவ” என்று கேட்கும். கடைக்கார வாமதேவன் மட்டும் முகத்துக்கு நேரே சொல்லுவான்.

“அக்கா, கத்தரிக்காய் நல்ல பிஞ்சு. இப்பதான் எட்வேட் அண்ணைக்கும் நிறுத்துக் குடுத்தனான். ரெண்டு வீட்டிலயும் ஒரே கறி. அதுக்கேன் ரெண்டு லோயர்?”

மேரிறோஸுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து கத்தரிக்காயை அரியும்போது அழுகை வந்தது.

எதிர்ப்பக்கம் அனுப்பியதென்று சொலிசிற்றரிடமிருந்து ஒரு நாள் தடித்த கடித உறை வந்தது. உள்ளே அவளுடைய கடிதத்தின் பிரதி. பிஸ்கட் பேணியைத் துப்புரவாக்கும்போது இசபெலின் கையில் அது அகப்பட்டிருக்கிறது. கூடவே ஆங்கில மொழிபெயர்ப்பு. அது சரியா என்று பார்த்துக் கையெழுத்து வைக்கச் சொல்லி மேரிறோஸின் சொலிசிற்றர் எழுதியிருந்தார்.

ஜெஸ்ரின் வாசித்தாள். “கீப் தி ஹவுஸ் யுவர்செல்ஃப் எண்டு போட்டிருக்கு. சரியே அம்மா?”

மேரிறோஸ் யோசித்தாள். கீப் என்றால் அவளுக்குத் தெரியும். சான்ட்விச் தொழிற்சாலையில் மேற்பார்வைக்காரி தட்டை நீட்டிக் “கீப், கீப்” என்றால், நான் வரும்வரை பிடித்துக்கொண்டு நில் என்று அர்த்தம். யாரும் அதை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னதில்லை.

“ஓம், சரிதான்,” என்றாள். கையெழுத்து வைத்தாள்.

வைகாசி மாதம் வழக்கு விளங்கும் நாள் வந்தது. அந்த நாட்களில் லண்டன் தமிழர் ஒருவருக்கும் உடம்பில் உயிரில்லை. வன்னியிலிருந்து தொலைபேசி நின்றுபோயிருந்தது. செவன் கிங்ஸ் ஸ்டேசனில் காலையிலேயே கொடியும் பதாகையுமாகச் சனம் பாராளுமன்றத்தடிக்குப் போக நின்றது. நடுவில், ஒரே மேடையில், ஒரே ரெயினுக்கு, எட்வேட்டும் இசபெலும் ஒரு பக்கம், மேரிறோஸ் ஒரு பக்கம். இருக்க இருந்தது ஒரே ஒரு வாங்கு. அதில் யாரும் இருக்கவில்லை.

எட்வேட் மெல்ல நகர்ந்து வந்தார். கலியாணத்துக்குப் போட்ட கோட். கழுத்து இப்போது இறுக்கமாக இருந்தது.

“மேரி, சாப்பிட்டனியே?”

“ஓம் அண்ணை.”

“பொய் சொல்லாதை. முகம் காஞ்சுபோய்க் கிடக்கு. இஞ்சை, இடியப்பம் கட்டிக்கொண்டு வந்தனாங்கள்…”

“இஞ்சேருங்கோ!” இசபெல் அங்கிருந்தே கூப்பிட்டாள். “நாங்கள் கோட்டுக்குப் போறம், கலியாண வீட்டுக்கில்லை.”

கொடி பிடித்து நின்ற ஒரு பெடியன், மூவரையும் தங்களோடு வருகிறவர்கள் என்று நினைத்து, “அம்மா, ஐயா, வெஸ்ட்மினிஸ்டருக்கு மாறி ஏறவேணும், எங்களோட வாங்கோ” என்றான். மேரிறோஸுக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல் இருந்தது. அங்கே சனம் பதுங்குகுழிக்குள் கிடந்து சாகிறது. இங்கே நாங்கள் மூன்று பேரும் ஒரு இரண்டரை அறை வீட்டுக்காக ரெயினுக்கு நிற்கிறோம் என்று நினைத்தாள். திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் திரும்பிப் போகவும் ஒரு தென்பு வேண்டுமே. ரெயின் வந்தது. ஏறினாள்.

கோட்டு அறை அவள் நினைத்ததுபோல் பெரிதாக இல்லை. ஒரு வகுப்பறை அளவுதான். நீதிபதி ஒரு வெள்ளைக்கார அம்மா. வெள்ளைப் பொய்முடி ஒன்றும் இல்லை. மூக்கு நுனியில் கண்ணாடி. நல்ல முகம். மேரிறோஸ் வேதாகமத்தில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். அந்தப் புத்தகத்தை அவள் முத்தமிடாமல் மூடியதே இல்லை. முத்தமிடலாமோ கூடாதோ தெரியாமல் தடவிவிட்டு வைத்தாள்.

மொழிபெயர்க்க வந்திருந்தது மதுரைப் பக்கத்துப் பிள்ளை. மரியாதையான பிள்ளை. கடிதத்தைக் காட்டிக் கேட்டாள்.

“அம்மா, இது நீங்க எழுதினதுதானே? ‘வீட்டை நீங்களே வச்சுக்கோங்க’ன்னு?”

“நான் எழுதினதுதான் பிள்ளை. ஆனா வைச்சுக்கொள்ளுங்கோ எண்டு எழுதேல்லை. வைச்சிருங்கோ எண்டுதான் எழுதினனான்.”

“அதத்தான்மா சொல்றேன்.”

“இல்லையம்மா. வைச்சுக்கொள்ளுங்கோ வேறை, வைச்சிருங்கோ வேறை. பக்கத்து வீட்டுக்காரியிட்டக் கதவுத் திறப்பைக் குடுத்து வைச்சிரு எண்டு சொல்லுவம். அவ வீட்டை எடுத்துக்கொள்ளுவாவே?”

அந்தப் பிள்ளை கடிதத்தைத் திரும்பக் குனிந்து பார்த்தாள். அவளுடைய முகம் மாறிற்று. “ஆமா,” என்றாள் மெதுவாக. “வேறதான்.” பிறகு நீதிபதியைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள். இரண்டு கையாலும் ஒரு பொருளைத் தாங்கிக் காட்டினாள். பிறகு அதையே நெஞ்சோடு அணைத்துக் காட்டினாள். நீதிபதி கவனமாகக் கேட்டார். இதற்கு ஆங்கிலத்தில் என்ன என்றார். கீப் என்றாள். மற்றதற்கு? பிள்ளை தடுமாறினாள். அதற்கும் கீப்தான், ஆனால் வேறு மாதிரி என்றாள்.

எட்வேட்டின் சட்டத்தரணி எழும்பி ஒரு தாளை நீட்டினார். மேரிறோஸ் கையெழுத்து வைத்த மொழிபெயர்ப்பு. ஒரு வருடத்துக்கு முன்பே சரியென்று ஒப்புக்கொண்டது. நீதிபதி அதைப் பார்த்தார், மேரிறோஸைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒப்புக்கொண்ட மொழிபெயர்ப்பைத்தான் தான் எடுக்கவேண்டியிருக்கிறது, அந்தச் சொல்லைத் தாண்டி அடுத்ததற்கு வாருங்கள் என்றார். மதுரைப் பிள்ளை அதை மேரிறோஸுக்குச் சொல்லும்போது, “சாரிம்மா” என்று தன் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொண்டாள்.

பிறகு எட்வேட்டின் முறை. அவரும் வேதாகமத்தில் கை வைத்தார்.

இது உங்கள் தங்கை எழுதிய கடிதமா என்று அவருடைய சட்டத்தரணி கேட்டார்.

“ஓம்.”

இவ்வளவு காலமும் வைத்திருந்தீர்களா?

“ஓம். தங்கச்சியின்ரை கடிதமெல்லே.”

வீட்டைப் பற்றி அதில் எழுதியிருப்பதை நீங்கள் வாசித்தீர்களா?

எட்வேட் தாளைப் பார்த்தார். மேல் உதடு ஒருக்கால் எழும்பி விழுந்தது. மேரிறோஸ் தன் இருக்கையில் முன்னால் நகர்ந்து வந்துவிட்டாள். சொல்லுங்கோ அண்ணை, என்று அவளுடைய உள்ளம் கத்தியது. ஒரு சொல் சொல்லுங்கோ. மாதாவே, அவருக்கு வாயைத் திறந்துவிடும்.

“எழுதியிருக்கிறது அப்பிடித்தான்,” என்றார் எட்வேட்.

பொய்யில்லை. எழுதியிருந்தது அப்படித்தான். அதன் அர்த்தம் என்னவென்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. மேரிறோஸின் பக்கத்து இளம் சட்டத்தரணி எழும்பி யன்னல் மாற்றியது, கூரை திருத்தியது, அது யார் இது யார் என்றெல்லாம் கேட்டார். அந்தச் சொல்லைத் தாண்டி வரச் சொன்னதால் அவர் தாண்டியே போய்விட்டார். இரண்டு மணிக்கு நீதிபதி தீர்ப்பை வாசித்தார். நீண்ட வாசிப்பு. மதுரைப் பிள்ளை பக்கத்தில் இருந்து காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். மேரிறோஸுக்குப் பாதி ஏறவில்லை. கடைசியில் ஒரு சொல் வந்தது: டிஸ்மிஸ்ட். அதை அந்தப் பிள்ளை மொழிபெயர்க்க வாயெடுத்தாள். மேரிறோஸ் கையைக் காட்டி நிறுத்தினாள். அந்த ஒரு சொல்லுக்கு அவளுக்கு உதவி தேவைப்படவில்லை. சான்ட்விச் தொழிற்சாலையில் வேலையால் நிற்பாட்டுகிறபோது அதைத்தான் சொல்வார்கள்.

வெளியே வந்தபோது மழை. படியில் நின்று கோட் பொத்தானைப் பூட்டினாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. இசபெல்.

“மச்சாள், குடையை உள்ளுக்க விட்டிட்டு வந்திட்டியள்.”

மேரிறோஸ் குடையை வாங்கினாள். இசபெலின் முகத்தில் வெற்றி ஒன்றும் இல்லை. நாள் முழுக்கத் தலையிடியோடு இருந்தவளின் முகம்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு வன்னியில் இறந்தவர்களுக்காகத் தமிழ்ப் பூசை. கோவில் வழிந்தது. பலர் கதறி அழுதார்கள். மேரிறோஸுக்குக் கண்ணீரும் வரவில்லை. பின்வாங்கில், முன்பு கஸ்பர் ஐயா இருந்த இடத்துக்கு ஒட்டினாற்போல் இருந்தாள். எழுந்தேற்ற மணி அடித்தது. சனம் முழந்தாளில் இறங்கியது. அவளும் இறங்கத்தான் பார்த்தாள். உடம்பு கேட்கவில்லை. நோவொன்றும் இல்லை, வெறும் களைப்பு. ஆண்டவரே, இண்டைக்கு ஒருநாள் இப்பிடியே பொறுத்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டாள்.

நிமிர்ந்தபோது குனிந்த தலைகளுக்கு மேலாக ஒரு முதுகு தெரிந்தது. முன்வாங்கில் எட்வேட். எப்போதோ திரும்பிப் பார்த்திருக்கிறார். முழந்தாளில் இருந்தவர் எழும்பி வாங்கில் இருந்துவிட்டார். இசபெல் அவருடைய கோட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவர் அசையவில்லை. எழுந்தேற்றம் முடியும்வரை அந்தக் கோவிலில் மறுபடியும் இரண்டு பேர் முழந்தாளிடாமல் இருந்தார்கள்.

வெளியே, கார் தரிக்கிற இடத்தில், மேரிறோஸ் அவர் முன்னால் போய் நின்றாள்.

“முழங்கால் நோகுதே அண்ணை?”

“இல்லை.”

“அப்ப ஏன் இருந்தனீங்கள்?”

“நீ இருந்தாய்,” என்றார். நாக்கு பல்லைத் தள்ளியது. இன்னும் ஏதோ வரப்போவதுபோல் இருந்தது. பெடியள் காரின் ஹோர்னை அடித்தார்கள். “வாறன் மேரி” என்று போய்விட்டார்.

அது ஒரு மன்னிப்புத்தான். மேரிறோஸுக்கு அது விளங்கியது. ஆனால் அவள் காத்திருந்தது வேறொன்றுக்கு. கூட இருப்பதற்கும் வாயால் சொல்வதற்கும் நடுவில் நிறையத் தூரம் இருக்கிறது. அதற்குப் பிறகு கோடை போயிற்று. அண்ணனும் தங்கையும் கண்டால் கதைப்பார்கள். சுகமோ, சுகம். பிள்ளை படிக்கிறாளோ, ஓம். வாமதேவன் கடையில் ஒருநாள் எட்வேட் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை வந்தார். வழக்கைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. தூக்குப் போட்ட வீட்டில் கயிற்றைப் பற்றிக் கதைக்காததுபோல.

கார்த்திகை கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேரிறோஸ் அலுவலகத் தரை துடைத்துவிட்டு வரும்போது தொலைபேசி அடித்தது. இசபெல். வழக்குப் போட்ட நாளிலிருந்து அவள் எடுத்ததே இல்லை.

“மச்சாள், அவர் பள்ளிக்கூடத்தில கேற்றடியில விழுந்திட்டார். ஆஸ்பத்திரியில நிக்கிறம். நெஞ்சில மூண்டு இடத்தில அடைப்பாம். இப்பவே ஒப்பரேசனாம். உங்களைக் கேக்கிறார்.”

மேரிறோஸ் வேலை உடுப்போடேயே பஸ் ஏறினாள். போகும் வழியெல்லாம் கையில் செபமாலை. எத்தனையாவது மணியென்று தெரியாமல் உருட்டிக்கொண்டே போனாள்.

எட்வேட் தள்ளு கட்டிலில் கிடந்தார். ஆஸ்பத்திரிச் சட்டை. முகம் சாம்பல் நிறம். இசபெல் கண்கள் வீங்கிப் பக்கத்தில் நின்றாள். மேரிறோஸைக் கண்டதும் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு தாதி ஒருத்தி வந்து கையெழுத்து வைக்க ஏதோ தாள் இருக்கிறதென்று இசபெலை மேசைக்குக் கூட்டிப்போனாள்.

இன்னொரு தாதி கட்டிலடிக்கு வந்தாள். மோதிரம் உண்டா, சங்கிலி உண்டா, கட்டுப்பல் உண்டா என்று கேட்டாள். மோதிரமும் சங்கிலியும் ஏற்கெனவே இசபெலிடம் போயிருந்தன. கட்டுப்பல் என்றதும் எட்வேட் வாயை மூடிக்கொண்டார். மயக்க மருந்து கொடுக்கமுன் கழற்றத்தான் வேண்டும் என்று தாதி அன்பாகச் சொல்லி ஒரு சின்ன மூடிப் பேணியை நீட்டினாள்.

எட்வேட் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மேரிறோஸும் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து அவர் பேணியை மூடித் தாதியிடம் கொடுக்காமல் அவளிடம் நீட்டினார். வாய் உள்ளே போய், ஒரு நொடியில் எண்பது வயதுக் கிழவர்போல் ஆகியிருந்தார். கஸ்பர் ஐயாவின் சாயல்கூட வந்துவிட்டது.

“இந்தா, மேரி. வைச்சிரு.”

“மச்சாள் இப்ப வந்திடுவா அண்ணை. அவவிட்டக் குடுங்கோ.”

அவர் தலையை ஆட்டினார். அவளுடைய உள்ளங்கையை விரித்துப் பேணியை வைத்து விரல்களை மூடிவிட்டார். ஆள்கள் வந்து கட்டிலின் பூட்டை விடுவித்தார்கள். சில்லு உருளத் தொடங்கியது. மேரிறோஸ் கூடவே நடந்தாள். கதவடியில் தாதி, இதற்கு மேல் வரக்கூடாது என்று கையைக் காட்டினாள். எட்வேட் கட்டிலின் கம்பியைப் பிடித்து நிறுத்தச் சொல்லிச் சைகை செய்தார். நின்றது. முன்பல் இல்லாத வாயால், காற்றும் சொல்லுமாக, ஆனால் ஒவ்வொரு எழுத்தாக, அவளைப் பார்த்துச் சொன்னார்.

“வைச்சிரு எண்டுதான் சொன்னனான். வைச்சுக்கொள் எண்டு சொல்லேல்லை. ரெண்டும் வேறை, மேரி. எனக்கு அது அண்டைக்கே தெரியும். வெளியில வந்து கேப்பன். தந்திடவேணும், என்ன?”